காற்றில்லாத இடத்தில் எருமை

மார்ச் 4, செவ்வாய்

லாண்டரியில் பெட்ஷீட் மட்டும் இன்று அறுநூறு. தலையணை உறையை எண்ணவில்லை. நாலாவது மேசை ஸ்டீம் பிரஸ் மறுபடியும் பல்லை இளிக்கிறது. மூடினால் ஒரு பக்கம் ஆவி பீறிடுகிறது. முன்பென்றால் பாய்லர் ரூம் பக்கம் ஒரு சத்தம் கொடுத்தால் போதும், என் வீட்டுக்காரர் ஸ்பானரோடு வந்து நிற்பார். "உன் கைக்கு எதுதான் தாங்கும்" என்று திட்டிக்கொண்டே சரி பண்ணுவார்.

வீட்டுக்கு வந்து இவருடைய கம்ப்யூட்டரை மூட்டை கட்ட உட்கார்ந்தேன். நாத்தனார் நாளைக்கு ஆள் அனுப்புகிறாள். அவள் வீட்டுக்காரருக்கு வேண்டுமாம். தூசி தட்டத்தான் துணியை எடுத்தேன். எங்கே கை பட்டதோ, அது பாட்டுக்கு முழித்துக்கொண்டது. திரையில் ஒரு கடிதம். நான் அஞ்சாவதோடு நின்றவள். நாலு தடவை படித்தேன்.

அறுபது நாள் வராத உறுப்பினரின் கலம் மார்ச் 30 அன்று பொது வெளியிலிருந்து நீக்கப்படும். உங்கள் கலத்தின் பெயர்: எருமை. வகை: அணுசக்தி விமானம். விமானம் விண்வெளியில் பறக்காது என்பதால் இதன் அனுமதியே சரியா என்பதும் பரிசீலனையில் உள்ளது. இப்படிக்கு, தராசு.

இவர் போய் முப்பத்தி நாலு நாள் ஆகிறது. பாய்லர் ரூம் கதவில் இருந்த பெயரை மறுநாளே சுரண்டி எடுத்துவிட்டார்கள். அலமாரிப் பூட்டை மாற்றிவிட்டார்கள். வருகைப் பதிவில் கோடு போட்டாயிற்று. இப்போது கம்ப்யூட்டர் விளையாட்டில் இருந்தும் எடுக்கணுமாம்.

எடுக்க விட மாட்டேன். யார் இந்தத் தராசு?

இதை எதற்கு எழுதுகிறேன்? இப்போதெல்லாம் தேதி மறந்துபோகிறது. முப்பதாம் தேதி மறக்கக் கூடாது.


மார்ச் 5, புதன்

நாத்தனார் அனுப்பிய ஆள் வந்தான். வெறுங்கையோடு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன். "அண்ணி, அத வச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க? சுவிட்சு எங்க இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

கண்டுபிடிச்சிட்டேன் என்றேன். பிறகு அவள் பேசியதற்கு ம் போட்டுக்கொண்டே பாத்திரம் கழுவி முடித்தேன்.


மார்ச் 6, வியாழன்

இந்த விளையாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நாலு வருடமாக சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை இவர் அந்த மூலையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ராக்கெட், விமானம் என்று அவரவர் செய்து ஒரே வானத்தில் விடுகிறார்கள். அம்பத்திரண்டு வயசு ஆளுக்கு இது தேவையா என்று நான் கேட்காத நாள் இல்லை. "அடுப்புப் பத்த வச்சா போதும், எதையும் ஓட்டலாம்" என்பார். அது எனக்குப் பதிலாகவே தெரியாது.

இன்னொன்றும் தெரியும். குருவி. "சொல்லு குருவி", "அப்படியா குருவி" — தினமும் இதே கொஞ்சல். இரண்டு வருடமாக அந்தப் பெயர் என் தொண்டையில் முள் மாதிரி நின்றது. கேட்கவும் இல்லை, முழுங்கவும் இல்லை. 

இன்று ஹெட்போனை மாட்டினேன். யாரோ இருமினார்கள். "அண்ணே? அண்ணே, எங்கண்ணே போயிட்டே இத்தன நாளா?" லாரி ஹாரன் மாதிரி குரல். யாருய்யா நீ என்றேன். குருவிங்க என்றது குரல்.

சரக்கு லாரி ஓட்டுகிறவராம். நூறு கிலோவுக்கு மேல் இருப்பாராம், அதனால்தான் அந்தப் பெயராம்.

விஷயத்தைச் சொன்னேன். பிறகு அந்த ஹாரன் அழுதது. இரண்டு வருடச் சந்தேகத்துக்கு வெட்கப்பட்டேன். சிரிப்பும் வந்தது. இவரிடம் சொல்ல முடியாத சிரிப்பு. அதை எங்கே கொண்டு போய் வைப்பது?


மார்ச் 8, சனி

குருவியிடம் சட்டத்தை விவரமாகக் கேட்டு வாங்கினேன். வராதவருடைய கலத்தை அவர் வீட்டு ஆள் ஒருவர் ஓட்டிக் காட்டினால் எடுக்க மாட்டார்கள். தரையிலிருந்து கிளம்ப வேண்டும். காற்றெல்லாம் முடிகிற உயரத்துக்கு மேலே போக வேண்டும். உலகத்தை ஒரு சுற்று சுற்ற வேண்டும். திரும்பி வந்து இறங்க வேண்டும். தராசு பார்த்துக்கொண்டிருப்பார். அவர்தான் அந்தக் கூட்டத்தில் சரி, தப்பு சொல்கிற ஆள்.

"ஆனா அண்ணி, எருமை மேல போகாதுன்னு தராசு அடிச்சுச் சொல்றாரு."

போகுமா போகாதா, நீங்க சொல்லுங்க என்றேன்.

"நான் என் கண்ணால பாத்தேன். ரெண்டு தடவ. எப்படிண்ணேன்னு கேட்டா சிரிப்பாரு. தொழில் ரகசியம்பாரு."

அதுதான் இவர். எதையும் முழுசாகச் சொல்ல மாட்டார். சொல்லாமலே போயும் விட்டார்.


மார்ச் 9, ஞாயிறு

பயிற்சி வெளி என்று ஒன்று இருக்கிறது. அங்கே எருமையின் நகலை ஓட்டலாம், உடைந்தால் இன்னொரு நகல். பொது வெளியில் அப்படி இல்லை. உடைந்தது உடைந்ததுதான். வாழ்க்கை மாதிரி என்றார் குருவி. தத்துவம் வேண்டாம், கீபோர்டில் எந்தக் கட்டையை அமுக்கணும் சொல்லுங்க என்றேன்.

எழுதி வைக்கிறேன், கை மறக்கிறது:

மேல் அம்பு அமுக்கினால் மூக்கு கீழே. கீழ் அம்பு அமுக்கினால் மூக்கு மேலே. (ஏன் தலைகீழ்? கேட்கக் கூடாதாம்.)
நீளக் கட்டை — காற்று வாய் திறக்க, மூட.
ஓரத்துப் பெரிய கட்டை — சக்கரம்.

எருமையை இன்றுதான் சரியாகப் பார்த்தேன். கறுப்பு. பெருத்த வயிறு. வயிற்றுக்குப் பொருந்தாத குட்டை இறக்கை. முன்னால் மூக்குத் துவாரம் மாதிரி இரண்டு ஓட்டை, அதுதான் காற்று வாய். அசிங்கமாகத்தான் இருக்கிறது. இவர் வாங்கி வந்த சேலைகளும் இப்படித்தான் இருக்கும்.

ஏழு தடவை கிளம்பினேன். ஐந்து தடவை கடல், ஒரு தடவை மலை. ஒரு தடவை ஓடுதளத்தை விட்டே எழும்பவில்லை, வேலியை முட்டிக்கொண்டு நின்றது.


மார்ச் 12, புதன்

காற்றில் ஓட்ட வந்துவிட்டது! குருவி கைதட்டினார். (லாரியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான், கேட்டுக்கொண்டேன்.)

இதற்கு எண்ணெய் ஊற்ற வேண்டாம், பெட்ரோல் ஊற்ற வேண்டாம். உள்ளே அணு உலை. அது பாட்டுக்கு வருடக்கணக்கில் கனகனவென்று இருக்கும். மூக்கில் காற்றை இழுக்கும், உலையில் சூடாக்கும், வாலில் கக்கும். அவ்வளவுதான். அணு என்றதும் நான் என்னமோ பூதம் என்று நினைத்தேன். பாய்லர்தானே இது.

ஆனால் மேலே போகப் போக நீலம் கறுக்கிறது. கறுத்ததும் சத்தம் இளைக்கிறது. பிறகு நின்றே போகிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. "உலை வெந்துவிட்டது" என்று எழுத்து வருகிறது. கல் மாதிரி கீழே.

ஆறு தடவை. ஆறு தடவையும் அதே இடத்தில்.


மார்ச் 13, வியாழன்

தராசோடு பேசினேன். இடி மாதிரி ஆள் என்று நினைத்திருந்தேன். ஜலதோஷம் பிடித்த மாதிரி மெல்லிய குரல். மரியாதையாகத்தான் பேசினார், அதுதான் இன்னும் எரிச்சல்.

"அம்மா, நான் உங்க வீட்டுக்காரர் மேல கோவத்துல சொல்லல. உலை சூடு மட்டும்தான் குடுக்கும். முன்னால போகணும்னா பின்னால எதையாவது தள்ளணும். கீழ காத்து இருக்கு, தள்ளுது. மேல காத்து இல்ல. எதைத் தள்ளும்?"

வயிற்றில் ஒரு டாங்கி இருக்கிறதே, அது எதற்கு என்றேன். அது காலி, நான் திறந்து பார்த்தேன், வெறும் பாரம், அழகுக்கு வைத்திருப்பார் என்றார். எரிபொருளே வேண்டாத விமானம் என்று இவரே எழுதி வைத்திருக்கிறாராம், அப்புறம் டாங்கி எதற்காம்.

எருமையைப் பார்த்துவிட்டு அழகுக்கு வைத்தது என்று சொன்ன முதல் ஆள் இவர்தான்.

இன்னொன்றும் சொன்னார். காற்றில்லாத இடத்தில் இறக்கைக்கும் வேலை இல்லையாம். விண்வெளியில் எதுவும் பறப்பதே இல்லையாம், எறிந்த கல் மாதிரி சுற்றிக்கொண்டிருக்குமாம். அதனால் விமானம் என்ற பேச்சே அங்கே கிடையாதாம்.

"வெயில் அடிக்குதுன்னு குடைய தூக்கிப் போட்டுட்டுப் போற ஆளா சார் நீங்க? மேல தேவையில்ல, சரி. போறதுக்கும் வர்றதுக்கும் றெக்க வேணாமா?"

பிறகு இறங்கி வந்தார். வேண்டுமானால் காற்று வாயை எடுத்துவிட்டு, இறக்கையை வெட்டிவிட்டு, ஒரு ராக்கெட்டைப் பொருத்தித் தருகிறேன், கண்ணை மூடிக்கொண்டு அனுமதி கிடைக்கும், பெயரும் இருக்கும் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

அப்படிச் செய்தால் அது இவர் செய்தது இல்லையே சார் என்றேன். உங்கள் இஷ்டம் என்றார். ஆமாம், என் இஷ்டம்தான்.


மார்ச் 15, சனி

பதினெட்டாவது தடவை. அதே இடம். அதே சிவப்பு.

ஏங்க, பொய்யா சொன்னீங்க? குருவிகிட்ட வீம்புக்கு ஏதாவது காட்டி ஏமாத்தினீங்களா? அந்த மனுஷன் அழுதாரே உங்களுக்காக. நான் ஒருத்தி இங்க உக்காந்து உங்க மானத்தக் காப்பாத்தறேன்னு — ஒரு துண்டுக் காகிதத்துல எழுதி வச்சா கொறஞ்சா போயிடுவீங்க? நெஞ்ச வலிக்குதுன்னும்தான் சொல்லல. அதையும்தான் சொல்லல.


மார்ச் 17, திங்கள்

வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் முதல் சுற்று வெள்ளை விரிப்பெல்லாம் காவிப் புள்ளி. பிரஸ்ஸில் வைத்து எடுத்தால் ஆவியோடு துரு வருகிறது. சூப்பர்வைசர் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். புது பாய்லர் ஆள் சனிக்கிழமை தண்ணீரை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அது உள்ளேயே கிடந்து ஊறியிருக்கிறது.

"உங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் ஒரு புள்ளி பாத்திருப்போமா? வேல முடிஞ்சா மொதல்ல தண்ணிய இறக்கிட்டுத்தான கைய கழுவுவாரு."

நான் கையில் இருந்த விரிப்பைக் கீழே போட்டுவிட்டேன்.

தண்ணிய இறக்கிட்டுத்தான. ஆமா. இருபத்தாறு வருஷமாக அதுதானே. பாய்லர் மட்டுமா? ஊருக்குப் போகிறோம் என்றால் வீட்டில் உள்ள வாளி, குடம், கெட்டில் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுத்தான் பூட்டுவார். நின்ற தண்ணீர் இரும்பைத் தின்னும் என்பார். பிளாஸ்டிக் வாளியையும் கவிழ்ப்பார், அது வேறு விஷயம்.

அந்த மனுஷன் எருமையைத் தரையிறக்கியதும் என்ன செய்திருப்பார்?

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. பஸ்ஸுக்கு நிற்கவில்லை, நடந்தே வந்தேன், ஓடினேன் என்றே சொல்லலாம். கம்ப்யூட்டரைப் போட்டு எருமையை நிறுத்தி வைத்திருக்கும் கொட்டகையில் அதன் வயிற்றுக்குக் கீழே போய்ப் பார்த்தேன். குனிந்து பார்க்கிற மாதிரி படத்தைத் திருப்ப வேண்டும், அதற்கே கால் மணி நேரம். பின்காலுக்கு மேலே ஒரு சின்ன சக்கரக் கைப்பிடி. பாய்லரில் இருக்குமே, அதே மாதிரி. சிவப்புக் கூட அடித்திருக்கிறார். திறந்து கிடந்தது. கடைசி நாள் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

பயிற்சி வெளிக்குப் போய் நகலின் கைப்பிடியை மூடினேன். கொட்டகைக் குழாயைப் பொருத்தி நிரப்பினேன். முள் மெல்ல மெல்ல ஏறியது.

கிளம்பினேன். நீலம் கறுத்தது. சத்தம் இளைத்தது. காற்று வாயை மூடிவிட்டு, கைப்பிடி மாதிரி படம் போட்ட கட்டையை அமுக்கினேன். இத்தனை நாள் அது எதற்கென்றே தெரியாமல் இருந்த கட்டை.

வால் பக்கம் வெள்ளையாக ஒரு பூ விரிந்தது. ஆவி. எனக்குத் தெரியாதா ஆவி? அணு உலையில் தண்ணீர் விட்டு, ஆவியாக்கி, பின்னால் கக்குகிறது. காற்று இல்லாவிட்டால் என்ன, தள்ளுவதற்குத் தண்ணீரைக் கையோடு எடுத்துக்கொண்டு போகிறது எருமை. எரிபொருள்தான் வேண்டாம். தண்ணீர் வேண்டாம் என்று யார் சொன்னது?

இவர் பொய் சொல்லவில்லை.

இவர் பொய் சொல்லவில்லை.


மார்ச் 19, புதன்

தராசிடம் சொன்னேன். "தண்ணியா?" என்று மூன்று தடவை கேட்டார். பிறகு கணக்குப் போட்டார். நடக்கும், ஆனால் தண்ணீர் ரொம்ப கனம், அதைவிட லேசான வாயுவை வைத்தால் இரண்டு மடங்குக்கு மேல் வேகம் கிடைக்கும் என்றார். இருக்கலாம். இவர் கை பழகியது தண்ணீரோடு. நான் அந்தத் தண்ணீரிலேயே போய்க் காட்டுகிறேன் என்றேன்.

"காட்டினா எழுதிடறேன்மா. காட்டலேன்னா எடுத்துடுவேன். அதுல மாத்தம் இல்ல." 

அதுதானே நியாயம் என்றேன். அந்த ஆளைக் கொஞ்சம் பிடித்துத்தான் இருக்கிறது.

இன்று மூன்று தடவை வெந்து போனது. உலையை அணைத்த பிறகும் வேகிறது, அதுதான் சூட்சுமம். இஸ்திரிப் பெட்டி சுவிட்சை நிறுத்தினாலும் கால் மணி நேரம் கை வைக்க முடியாதே, அப்படி. மேலே சூட்டை வாங்கிக்கொள்ளக் காற்றும் இல்லை. அதனால் அணைத்த பின்னும் ஒரு கசிவு தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

எழுதி வைக்கிறேன்: முதலில் தண்ணி திற. பிறகு காற்று வாய் மூடு. மாற்றிச் செய்யாதே. போக ஐந்து பங்கு, சுற்ற ஒன்று, திரும்ப இரண்டு, ஆற ஒன்று. கடைசிப் பங்கை எமன் கேட்டாலும் கொடுக்காதே.


மார்ச் 22, சனி

நாத்தனார் வந்தாள், சொல்லாமல் கொள்ளாமல். நான் ஹெட்போனோடு பாதி வானத்தில் இருந்தேன். கதவு தட்டியது கேட்கவில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

"அண்ணன் போயி ரெண்டு மாசம் ஆகல. இங்க விளையாட்டு நடக்குது. நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க அண்ணி?"

எருமையை முதலில் இறக்கினேன். தண்ணீரையும் இறக்கினேன். பிறகு திரும்பினேன்.

"நாலு பேரையும் கூட்டிட்டு வா, நாற்காலி போடறேன். உங்கண்ணன் போன மூணாம் நாளு நீ இந்தப் பொட்டிய கேட்ட. நான் இதுக்குள்ள உங்கண்ணன் பேர வச்சிருக்கேன். ரெண்டுல எது தப்புன்னு அவங்களையே கேப்போம்."

முகம் சுண்டிவிட்டது. காபி போட்டுக் கொடுத்தேன். குடித்தாள். போகும்போது, அண்ணன் இதில் என்னதான் செய்தான் என்று கேட்டாள். காட்டினேன். "எரும மாதிரி இருக்கு" என்றாள். பெயரை நான் சொல்லவே இல்லை.


மார்ச் 25, செவ்வாய்

பயிற்சி: பதினொன்றில் நாலு வெற்றி. போதாது.


மார்ச் 27, வியாழன்

ஒன்பதில் ஆறு. இப்போதும் போதாது. ஆனால் நாள் இல்லை.


மார்ச் 29, சனி

இன்றுதான். நாளை வரை தள்ள வேண்டாம் என்று தோன்றியது. மதியம் மூன்று மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

நிஜ எருமை. நகல் இல்லை. இவர் கை பட்டது. கைப்பிடியை மூடி, தண்ணீர் நிரப்பி, முள் உச்சிக்கு வரும்வரை காத்திருந்தேன். ஒரு பக்கம் குருவி தன் கலத்தை ஓட்டிக்கொண்டு வந்தார். தராசு எங்கோ மேலே நின்று பார்த்தார். இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

கிளம்பியது சுத்தமாக. நீலம் கறுத்தது. தண்ணி திற. வாய் மூடு. வெள்ளைப் பூ விரிந்தது. எவனோ ஒருவன் "போகுதுடா" என்றான். 

ஆனால் என் கை. அவசரப்பட்டு அமுக்கி, விட்டு, அமுக்கி — போக ஐந்து பங்கு என்று எழுதியிருந்தேனே, ஆறரை ஆகிவிட்டது. மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் முள்ளைப் பார்த்தேன்.

உலையை அணைத்தேன். கசிவு மட்டும். சத்தமே இல்லை. எருமை சும்மா மிதந்தது. கீழே உலகம், நீலமும் வெள்ளையுமாக, அலசி உதறிய துணி மாதிரி. இவர் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரா, நான் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்த நேரமெல்லாம்? ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். கூப்பிட்டார்தான். வேலை இருக்கிறது என்று நான்தான் வரவில்லை.

சுற்று முடிந்தது. திரும்ப வேண்டும். மூக்கைத் திருப்பி, எதிர்ப்பக்கம் கக்கி வேகத்தைக் குறைக்க வேண்டும். கக்கினேன். முள் இறங்கியது. இன்னும் குறைய வேண்டும். ஆறுவதற்கு என்று வைத்த பங்கு மட்டும்தான் இருந்தது. எமனுக்கும் கொடுக்காதே என்று எழுதிய பங்கு.

கொடுத்தேன்.

முள் கீழே இடித்து நின்றது. சொட்டு இல்லை. உலை அணைந்திருந்தும் வேக ஆரம்பித்தது. மஞ்சள், ஆரஞ்சு. தராசு மெதுவாக, "முடிஞ்சதும்மா. நல்லா முயற்சி பண்ணீங்க" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுத? இதே வார்த்தையை இதே குரலில் ஆஸ்பத்திரியில் ஒருத்தர் சொன்னார். முடிந்ததா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். அன்றைக்கு என் கையில் ஒன்றும் இல்லை. இன்றைக்கு என் கையில் நீளக் கட்டை இருந்தது.

கறுப்புக்குள் நீலம் நூல் மாதிரி தெரிந்த கணத்தில் காற்று வாயைத் திறந்தேன். "அவசரப்படாதீங்க அண்ணி, இன்னும் காத்து இல்ல" என்று குருவி கத்தினார். இருக்கும். கொஞ்சமாவது இருக்கும். ஆவி போனால் என்ன, காற்றும் சூட்டை வாங்கும்தானே? இவ்வளவு வேகத்தில் போனால் மெல்லிசுக் காற்றும் அறையும்தானே?

சிவப்பு. சிவப்பு. சிவப்பு. பிறகு ஆரஞ்சு.

அப்புறம் எருமை கனைத்தது. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி உயிர் வந்தது. தண்ணீர் ஒரு சொட்டு இல்லாமல், காற்றைக் குடித்துக்கொண்டு, அந்தக் குட்டை இறக்கையில் சாய்ந்து அது பாட்டுக்குப் பறந்தது. 

இறக்கும்போது இடது சக்கரம் உடைந்தது. வயிற்றைத் தேய்த்துக்கொண்டே போய் நின்றது. நின்றது, அவ்வளவுதான் கேள்வி.

"றெக்கையும் வாயும் வெட்டிட்டு ராக்கெட்டு வைக்கலாம்னீங்களே சார். வச்சிருந்தா இப்ப என்ன ஆயிருக்கும்?"

"வெந்திருக்கும்" என்றார் தராசு. பிறகு, "விமானம்தாம்மா. விண்வெளிக்கும் போச்சு. எழுதிட்டேன்" என்றார்.

குருவி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.


மார்ச் 30, ஞாயிறு

அதற்குள் அடுத்த வம்பு. பட்டியலில் உரிமையாளர் என்ற கட்டத்தில் இவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டிருந்தார்கள். ஓட்டிக் காட்டியவர் பெயர்தான் வருமாம், உயிரோடு இருப்பவர் பெயர்தான் இருக்க வேண்டுமாம். சட்டம்.

இதற்கா இத்தனை பாடு?

தராசைக் கூப்பிட்டேன். இரண்டு பெயரும் போடுங்கள் என்றேன். கட்டத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் என்றார்.

"கட்டம் நீங்க போட்டதுதானே சார்? இன்னொண்ணு போடுங்க. செஞ்சது யாரு, ஓட்டுறது யாருன்னு ரெண்டா எழுதுங்க. எல்லாருக்கும் அப்படியே எழுதுங்க. செஞ்சவன் எங்க போனாலும் செஞ்சவன்தான்."

யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசிங்க, நான் இங்கேயேதான் இருப்பேன், தினமும் சாயங்காலம் கேட்பேன் என்றேன்.


ஏப்ரல் 1, செவ்வாய்

இரண்டு கட்டம் வந்துவிட்டது. எல்லோருக்கும். 

செய்தவர்: இவர் பெயர். இனி அதை எடுக்கத் தேதி கிடையாது.


ஏப்ரல் 2, புதன்

வேலைக்குப் போகவில்லை. காலையிலிருந்து அழுதேன். ஓட்டுகிற வேலை இருந்தவரைக்கும் வராத அழுகை. அழுது முடித்துச் சாப்பிட்டேன்.


ஏப்ரல் 19, சனி

சக்கரம் மாற்றியாயிற்று. அதோடு இன்று எருமையின் டாங்கியைக் கால் பங்கு பெரிதாக்கினேன். வயிறு இன்னும் தொங்குகிறது.

குருவிக்குத்தான் மனசு கேட்கவில்லை. "அண்ணி, அது அண்ணன் வச்ச அளவாச்சே" என்றார். அண்ணன் வைத்த அளவு பத்தவில்லை, அன்றைக்கு நீங்களும்தானே பார்த்தீர்கள் என்றேன். இதை இவரிடம் நேரில் சொல்லியிருந்தால் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். நாலாம் நாள் ரகசியமாகப் பெரிதாக்கிவிட்டு, எனக்கு ஒரு யோசனை தோன்றியது என்று வந்து நிற்பார்.

அந்த விளையாட்டில் நிலா ஒன்றும் இருக்கிறது. அணு விமானத்தில் இதுவரை யாரும் போனதில்லையாம். போய்வர எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று தராசு கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார். கடைசியில், இந்த டாங்கிக்கு முடியாது, வீணாக ஆசைப்பட வேண்டாம் என்று ஒரு வரி.

திங்கட்கிழமை லீவு கேட்டிருக்கிறேன். காகிதமும் பென்சிலும் வாங்கி வந்தாயிற்று. அவர் கணக்கை நானே ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.